ஆறு சீலிங் லைட்டுகளும் அறுபது வயது வயரிங்கும்

மேற்கூரையோடு ஒட்டினாற்போல் பொருத்தும் வட்ட எல்இடி விளக்குகள் ஆறினை வாங்கி, பழைய குண்டு பல்புகள் இருந்த இடங்களில் மாற்றி நான்கு மாதங்கள் ஆகின்றன. விளக்கைப் பற்றி மட்டும் எழுதுவதானால் ஒரு பத்தி போதும். ஆனால் பெட்டிக்குள் வைத்திருந்த ஒற்றைத் தாள் கையேடு புதிய வீட்டை மனத்தில் வைத்து எழுதப்பட்டிருக்கிறது. என் வீட்டின் வயரிங்குக்கோ அறுபது வயதுக்கு மேல் ஆகிறது. கையேட்டின் கணக்குப்படி ஒரு விளக்குக்குப் பத்து நிமிடம் போதும். எனக்கு ஆறு விளக்குகளுக்கும் இரண்டு முழு நாட்களும், ஓர் எலக்ட்ரீஷியனின் உழைப்பும், தனியாக வாங்கிய சில சிறு பொருள்களும் தேவைப்பட்டன. ஆகவே இது விளக்கு, அதனோடு வந்த தாள், பிறகு நான் வாங்க நேர்ந்த டெஸ்டர், கனெக்டர் எல்லாவற்றுக்கும் சேர்த்து எழுதும் மதிப்புரை.

முதலில் விளக்கு. 18 வாட், வெண்மையும் மஞ்சளும் கலந்த 4000 கெல்வின் ஒளியில் நான்கும், படுக்கையறைகளுக்கு 3000 கெல்வினில் இரண்டும் வாங்கினேன். பழைய 100 வாட் குண்டு பல்பு தந்ததைவிட வெளிச்சம் கூடுதலாகவே இருக்கிறது. கைப்பேசிக் கேமராவை எதிரே காட்டினால் மலிவான விளக்குகளில் ஓடும் கருப்புப் பட்டைகள் இதில் தெரியவில்லை. நெடுநேரம் படித்தாலும் கண் உறுத்தவில்லை. பின்தட்டை முதலில் கூரையில் திருகிவிட்டு, விளக்கை அதன்மேல் வைத்துத் திருப்பினால் மாட்டிக்கொள்ளும் அமைப்பு வசதியானது. விளிம்பு கூரையோடு சரியாகப் படிவதால் பூச்சி உள்ளே போகவில்லை. விளக்கு என்ற அளவில் ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தரலாம். அந்த ஒரு மதிப்பெண்ணை ஏன் குறைத்தேன் என்பது எர்த், அதாவது கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் இணைப்பு, பற்றிச் சொல்லும்போது விளங்கும்.

எல்இடி விளக்குக்கு மின்சாரம் குறைவாகத்தானே தேவை, பழைய வயருக்கு இது நல்லதுதானே என்று நானும் நினைத்தேன். கணக்கு சரிதான். 230 வோல்ட்டில் 100 வாட் பல்பு ஏறக்குறைய 0.43 ஆம்பியர் இழுக்கும். இந்த விளக்கு 0.1 ஆம்பியரைக்கூட எட்டுவதில்லை. ஆனால் வயருக்குள் ஓடும் மின்னோட்டம் குறைந்ததால் வயரின் மேலுறை மீண்டும் இளமையாகிவிடாது. குண்டு பல்பு வாங்கும் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெப்பமாகத்தான் போகிறது. அந்த வெப்பம் மேலே ஏறி, கண்ணாடிக் குடுவைக்குள்ளும், கூரையில் வயர் முனைகளை மூடியிருக்கும் சீலிங் ரோசுக்குள்ளும் தேங்கி, அங்கே முடியும் வயரின் கடைசி ஒரு சாண் நீளத்தைப் பல்லாண்டுகளாக வறுத்திருக்கிறது. ஆகையால் பழைய வீட்டில் வயரிங் முழுவதிலும் மிகவும் நலிந்த இடம், நாம் விளக்கு மாற்றுவதற்காகக் கை வைக்கும் அதே இடம்தான். சுவிட்ச் போர்டில் பார்த்த வயர் நன்றாக இருக்கிறது என்பதை வைத்துக் கூரையிலுள்ள முனையை எடைபோட முடியாது.

என் வீட்டில் முன்னறையிலும் அதை அடுத்த படுக்கையறையிலும் பருத்தி நூல் பின்னிய ரப்பர் வயர். மற்ற இடங்களில் பின்னாளில் இழுத்த பிவிசி வயர். முன்னறையில் பல்பு ஹோல்டரைத் தாங்கிய பழைய மர ரவுண்ட் பிளாக்கைக் கழற்றி, வயரைச் சற்றே கீழே இழுத்ததும், நூலுக்குள்ளிருந்த ரப்பர் கருப்புத் துகள்களாக உதிர்ந்து ஏணியின் படியில் விழுந்தது. இரண்டு விரல் நீளத்துக்கு வெறும் உலோகம் பளபளத்தது. அது வெள்ளி நிறமாக இருந்ததால், அலுமினிய வயரோ என்று திகைத்தேன். எலக்ட்ரீஷியன் கத்தி முனையால் லேசாகச் சுரண்டினார். அடியில் செம்பின் சிவப்பு தெரிந்தது. ரப்பரைப் பதப்படுத்தச் சேர்த்த கந்தகம் செம்பை அரிக்காமலிருக்க, அந்தக் காலத்தில் செம்புக் கம்பிக்கு வெள்ளீயப் பூச்சு கொடுத்தார்கள். இது அலுமினியமாக இருந்திருந்தால் கதை வேறு. அலுமினியத்தின் மேல் மின்சாரத்தைக் கடத்தாத ஆக்சைடு படலம் விரைவில் படிந்துவிடும். செம்போடு நேரடியாக முறுக்கினால் இணைப்பு நாளடைவில் தளர்ந்து சூடேறும். அதற்கென்று உள்ள தனிக் கனெக்டர் இல்லாமல் கை வைக்கக்கூடாது என்றார்.

கையேட்டின் முதல் வரி, "மின்சாரத்தை நிறுத்தவும்" என்கிறது. படத்தில் ஒரு சுவிட்சும் அதை அழுத்தும் ஒரு விரலும். எனக்கு இந்தத் தாளின்மேல் உள்ள கோபமெல்லாம் இந்தப் படத்தின்மேல்தான். முன்னறையில் நான் செய்ததும் அதையே: சுவிட்சை நிறுத்திவிட்டு ஏணியில் ஏறினேன். கீழே நின்ற எலக்ட்ரீஷியன் கேட்டார்: "சுவிட்ச ஆஃப் பண்ணிட்டீங்க சார், சரி. மெயின ஆஃப் பண்ணுனீங்களா?" இல்லை என்றதும் என்னை இறங்கச் சொல்லிவிட்டு, மெயினைத் தொடாமலே மேலே ஏறி, ரப்பர் உதிராமல் மீந்திருந்த பகுதியைக் காப்பிடப்பட்ட குறட்டால் பிடித்துக்கொண்டு, இரண்டு முனை டெஸ்டரின் ஊசிகளை இரண்டு வயர்களிலும் வைத்தார். ஒரு விளக்கும் எரியவில்லை. "கரண்ட் இல்லைல்ல?" என்றார். பிறகு மெயின் போர்டின் எர்த் முனையிலிருந்து நீளமான ஒரு வயரை இழுத்து வந்து, டெஸ்டரின் ஒரு ஊசியை அதிலும் மற்றொன்றைக் கூரை வயரிலும் வைத்தார். 230 என்ற எண்ணுக்கு நேரே சிவப்பு விளக்கு எரிந்தது.

நடந்தது இதுதான். மின்சாரத்தைக் கொண்டுவரும் பேஸ் வயரை வெட்டவேண்டிய சுவிட்ச், முன்னாளில் யாரோ செய்த தவறால், அது திரும்பிப் போகும் வயரான நியூட்ரலை வெட்டிக்கொண்டிருந்தது. சுவிட்சை நிறுத்தினால் பல்பு அணையும். ஆனால் ஹோல்டர் வரை பேஸ் வந்து நிற்கும். இரண்டு வயர்களுக்கும் நடுவே அளந்தால் ஒன்றும் காட்டாது, ஏனென்றால் மறுமுனை எங்கும் சேராமல் தொங்குகிறது. ஆனால் எர்த்தோடு தொடர்புள்ள எதையாவது, ஈரச் சுவரையோ உலோக ஏணியையோ, தொட்டுக்கொண்டிருக்கும் மனிதர் அந்த வயரைத் தொட்டால் முழு 230 வோல்ட்டும் அவர் உடல் வழியாக இறங்கும். நான் ஏறியிருந்தது மர ஏணி. அது நான் யோசித்துச் செய்ததன்று. அலுமினிய ஏணி மாடியில் இருந்தது, எடுத்து வரச் சோம்பலாக இருந்தது.

சுவிட்ச் சரியாகப் பேஸை வெட்டினாலும் கூரையில் மின்சாரம் இருக்க வேறு வழிகளும் உண்டு. நடைவழியில் உள்ள பழைய சீலிங் ரோசைத் திறந்தபோது இரண்டு வயர்களை எதிர்பார்த்த எனக்கு ஏழு முனைகள் கிடைத்தன. மின்சாரம் முதலில் கூரைக்கு வந்து, அங்கிருந்து ஒரு கிளை சுவிட்சுக்கு இறங்கித் திரும்பவும் ஏறி, இன்னொரு கிளை அடுத்த அறைக்குப் போகும் அமைப்பு அது. அங்கே சுவிட்சை எத்தனை முறை நிறுத்தினாலும் மூன்று முனைகளில் எப்போதும் மின்சாரம் நிற்கும். இந்த அமைப்பில் இன்னொரு பொறியும் இருக்கிறது. சுவிட்சிலிருந்து திரும்பி வரும் வயர் பல இடங்களில் நியூட்ரல் நிறத்திலேயே இருக்கும். நிறத்தைப் பார்த்து அதையும் மற்ற நியூட்ரல்களோடு சேர்த்து முறுக்கிவிட்டால், சுவிட்சைப் போட்ட நொடியில் பேஸும் நியூட்ரலும் நேருக்கு நேர் மோதி ஃபியூஸ் பறக்கும். கழற்றுவதற்கு முன் ஒரு புகைப்படம் எடுத்து, ஒவ்வொரு முனையிலும் எண் எழுதிய சிறு டேப் ஒட்டினோம். கையேட்டில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தாளில் பழுப்பு பேஸ், நீலம் நியூட்ரல், பச்சையும் மஞ்சளும் கலந்தது எர்த் என்று அச்சிட்டிருக்கிறார்கள். விளக்கிலிருந்து வரும் வயர்களுக்கு அது சரி. கூரையிலிருந்து வரும் வயர்களுக்கு அந்த வழக்கம் பொருந்த வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பழைய முறை ஒன்றில் சிவப்பு பேஸ், கருப்பு நியூட்ரல். அமெரிக்காவிலோ கருப்புதான் பேஸ், வெள்ளை நியூட்ரல். ஒரே கருப்பு ஓரிடத்தில் சாதுவாகவும் மற்றோரிடத்தில் ஆளைக் கொல்வதாகவும் இருக்கிறது. அதற்கு மேல், பழைய வீட்டில் வேலை செய்தவர் அன்று கையில் மீந்திருந்த நிறத்தை இழுத்திருப்பார். என் படுக்கையறையில் இரண்டு வயர்களும் ஒரே நிறத்தில், தூசி படிந்த சாம்பல் நிறத்தில், இருந்தன. டெஸ்டரை மட்டுமே நம்ப முடிந்தது.

அந்த டெஸ்டரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் இருக்கும் ஸ்க்ரூடிரைவர் வடிவ நியான் டெஸ்டர், நம் உடல் வழியாக மிகச் சிறிய மின்னோட்டத்தை விட்டு எரிகிறது. உலர்ந்த மர ஏணியின்மேல் நிற்கும்போது அது மங்கலாகவே எரியும். பகல் வெளிச்சத்தில் அந்த மங்கல் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். பாதுகாப்பாக நிற்கும் இடத்திலேயே பொய் சொல்லக்கூடிய கருவி அது. வயரைத் தொடாமலே கீச்சிடும் பேனா வகை டெஸ்டரையும் வாங்கிப் பார்த்தேன். பக்கத்து வயரில் மின்சாரம் இருந்தாலும் கத்துகிறது; எர்த் செய்த இரும்புக் குழாய்க்குள் போகும் வயரைக் கண்டுபிடிப்பதில்லை. ஆபத்து இருக்கிறது என்று எச்சரிக்க அதை வைத்துக்கொள்ளலாம். ஆபத்து இல்லை என்று உறுதி சொல்ல அதற்குத் தகுதி இல்லை. டிஜிட்டல் மல்டிமீட்டர் வேறு விதமாகக் குழப்புகிறது: எங்கும் சேராமல் தொங்கும் வயரில்கூட, பக்கத்து வயரின் தூண்டலால், பல பத்து வோல்ட்டுகள் இருப்பதாகக் காட்டிப் பயமுறுத்தும்.

இரண்டு ஊசிகளும் நடுவே ஒரு கேபிளும் கொண்ட டெஸ்டரை எலக்ட்ரீஷியனிடம் பார்த்த பிறகு நானும் ஒன்று வாங்கினேன். 12, 24, 50, 120, 230, 400 என்ற எண்களுக்கு நேரே விளக்குகள் எரியும். இரு கைப்பிடிகளிலும் உள்ள பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினால் அது மின்சுற்றில் ஒரு சுமையை ஏற்றுகிறது. தூண்டலால் வந்த பொய் வோல்ட்டேஜ் உடனே சரிந்துவிடுகிறது, மெய்யானது நிற்கிறது. இந்த வேலைக்காக வாங்கியவற்றில் முழு ஐந்து மதிப்பெண் பெறுவது இதுதான். பயன்படுத்தும் முறையும் அவரிடமே கற்றது. மின்சாரம் இருப்பது உறுதியாகத் தெரிந்த ஒரு பிளக்கில் முதலில் சோதிக்க வேண்டும். பிறகு மெயினை நிறுத்திவிட்டுக் கூரை வயர்களில் ஒன்றுக்கொன்றும், ஒவ்வொன்றையும் எர்த்தோடும் அளக்க வேண்டும். முடிந்ததும் மறுபடியும் மின்சாரம் உள்ள ஓரிடத்தில், டெஸ்டர் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். நடுவில் பேட்டரி செத்துப்போன டெஸ்டரும், மின்சாரம் இல்லாத வயரும் ஒரே பதிலைத்தான் தரும்.

மெயினை நிறுத்த வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. விளக்குச் சுற்றுக்கான ஃபியூஸ் கட்டையை மட்டும் பிடுங்கினால் போதாதா என்று கேட்டேன். பழைய வீடுகளில் ஓர் அறையின் விளக்குக்குப் பேஸ் ஒரு சுற்றிலிருந்தும் நியூட்ரல் வேறொரு சுற்றிலிருந்தும் வந்திருக்கலாம். அப்படி இருந்தால், பேஸை நிறுத்திய பிறகும் அந்த நியூட்ரலில் அடுத்த சுற்றின் மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும். நாம் முறுக்கைப் பிரித்த கணத்தில் பிரிந்த முனை, அந்தச் சுற்றில் ஓடும் மின்விசிறி வழியாக, உயிர் பெற்றுவிடும். இன்னொன்று, பழைய போர்டுகளில் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் தனித்தனி ஃபியூஸ் வைக்கும் வழக்கம் இருந்தது. தவறான கட்டையைப் பிடுங்கினால் விளக்கு அணையும், பேஸ் நிற்கும். பிடுங்கிய கட்டைகளை அவர் போர்டின் மேல் வைக்காமல் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். வீட்டில் யாரேனும் கரண்ட் போய்விட்டதென்று நினைத்து மாட்டிவிடக்கூடாது என்பதற்காகவாம்.

இனி இணைப்பு. விளக்கோடு வெள்ளை பிளாஸ்டிக்கில் ஒரு திருகு டெர்மினல் வந்தது. சின்ன ஸ்க்ரூ கம்பியை நேரடியாக அழுத்தும் வகை. புதிய வயருக்கு அது போதும். ஆனால் கம்பியின் மேல் திருகின் முனை நேராக இறங்கிச் சுழலும்போது பழைய மெல்லிய இழைகளில் ஒன்றிரண்டு அறுந்துவிடுகின்றன. முதல் விளக்கில் மூன்று இழைகளில் ஒன்று என் கண்ணெதிரே ஒடிந்தது. பழைய அளவில் இதை 3/22 என்பார்கள்: 22-ஆம் கேஜ் தடிமனில் மூன்று இழைகள் சேர்ந்து ஏறக்குறைய 1.2 சதுர மில்லிமீட்டர். அதில் ஒன்று போனால் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. இரண்டு வயர்களையும் முறுக்கி டேப் சுற்றும் பழைய முறையையும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. மேலே சூட்டில் டேப்பின் பசை இளகி, சில ஆண்டுகளில் அது பிரிந்து தொங்குவதை நாமே பழைய விளக்குகளில் பார்த்திருக்கிறோம்.

அவர் பையிலிருந்து எடுத்தது, ஆரஞ்சு நிற நெம்புகோல் உள்ள ஒளி ஊடுருவும் கனெக்டர். வாகோ நிறுவனத்தின் 221 வரிசை. நெம்புகோலை மேலே தூக்கி, கம்பியை உள்ளே விட்டு, கீழே அழுத்தினால் உள்ளிருக்கும் ஸ்பிரிங் தட்டையாகக் கவ்விக்கொள்கிறது. திருகு இல்லை, இழை அறுவதில்லை. ஒற்றைக் கம்பியையும் பல இழை வயரையும் ஒரே கனெக்டரில் சேர்க்கலாம். பழைய வீட்டுக் கூரையில் இது பெரிய வசதி, ஏனென்றால் மேலிருந்து வருவது விறைத்த கம்பி, விளக்கிலிருந்து வருவது நூல்போன்ற மென்இழை. சாதாரண அளவு 4 சதுர மில்லிமீட்டர் வரை ஏற்கும். கம்பியை 11 மில்லிமீட்டர் உரிக்க வேண்டும். அந்த நீளத்துக்கான அளவுகோல் கனெக்டரின் பக்கவாட்டிலேயே குறிக்கப்பட்டிருக்கிறது. உடல் கண்ணாடிபோல் இருப்பதால் கம்பி கடைசிவரை போய்விட்டதா என்று வெளியிலிருந்தே பார்த்துவிடலாம். விலை அதிகம் என்பது உண்மை. தலைக்கு மேல் பதினைந்து ஆண்டுகள் யாரும் திறந்து பார்க்கப்போகாத இணைப்புக்கு அந்த அதிகம் தகும் என்பது என் கருத்து. ஒரு குறை: நெம்புகோல் கெட்டியாக இருக்கிறது, ஏணியில் நின்று தலைக்கு மேல் கையை நீட்டிக்கொண்டு தூக்கும்போது கட்டைவிரல் நகம் வலிக்கிறது. நான்கரை மதிப்பெண்.

ஆனால் கனெக்டர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், உதிர்ந்துபோன ரப்பருக்கு அது ஈடாகாது. கவ்விய இடத்துக்கு மேலே இரண்டு விரல் நீளம் வெறும் கம்பி நிற்கிறதே, அதற்கு என்ன செய்வது? வெப்பத்தில் சுருங்கும் குழாயை மாட்டலாம் என்றேன். சூட்டுக் காற்றைப் பிடித்தால் மீதமிருக்கும் ரப்பரும் போய்விடும் என்று சொல்லி, வெப்பம் தாங்கும் கண்ணாடியிழை ஸ்லீவை இரு வயர்களுக்கும் தனித்தனியே, உறை நலமாக இருக்கும் இடம் வரை ஏற்றினார். அதுவும் வயரை வளைக்காமல், இழுக்காமல், இடக்கை விரல்களால் தாங்கிக்கொண்டே. அவர் அந்த வயரைக் கையாண்ட விதத்தைப் பார்த்தபோது, பழைய ஓலைச்சுவடியைப் பிரிப்பவரின் விரல்கள் நினைவுக்கு வந்தன. இது நிரந்தர வைத்தியமா என்று கேட்டதற்கு, உறை நல்ல நிலையில் உள்ள பகுதி கையெட்டும் தூரத்தில் இருந்தால் ஆம், இல்லாவிட்டால் வயரையே மாற்றத்தான் வேண்டும் என்றார்.

ஒவ்வொரு அறையின் வயரும் இந்த இரண்டில் எந்தப் பக்கம் சேரும் என்று தெரிந்துகொள்ள மெகர் வைத்துப் பார்த்தார். விளக்கைக் கழற்றி வைத்துவிட்டு, சுவிட்சைப் போட்ட நிலையில், 500 வோல்ட் நேர்மின்சாரத்தைச் செலுத்தி வயருக்கும் எர்த்துக்கும் நடுவே மின்கசிவைத் தடுக்கும் ஆற்றலை அளக்கும் கருவி அது. எல்இடி விளக்கை மாட்டியபடி இந்தச் சோதனையைச் செய்தால் அதன் டிரைவர், அதாவது உள்ளிருக்கும் மின்சுற்று, பழுதாகலாம். ஆகவே பொருத்துவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். சர்வதேச விதிகள் இத்தகைய சுற்றுக்குக் குறைந்தது 1 மெகாஓம் கேட்கின்றன. நடைவழியில் பல பத்து மெகாஓம் வந்தது. முன்னறையில் 6. அடுத்த படுக்கையறையில் 0.3. அந்த அறைக்கு விளக்கு மாட்ட அவர் மறுத்துவிட்டார். இவ்வளவு நாள் எரிந்ததே என்று நான் வாதாடியது இப்போது வெட்கமாக இருக்கிறது. குழாய்க்குள் பழைய வயரையே இழுகயிறாக வைத்துப் புது வயரை இழுத்தபோது, வெளியே வந்த பழைய வயரில் ஒரு முழ நீளத்துக்கு நூல் மட்டுமே இருந்தது. இரண்டாம் நாளின் பாதி அதற்கே போயிற்று. அவர் வாங்கிய கூலியில் எனக்கு முழு மனநிறைவு தந்த பகுதி, அவர் முடியாது என்று சொன்ன அந்த ஒரு சொல்லுக்கானது.

விளக்குக்கு நான் குறைத்த மதிப்பெண்ணுக்கு வருகிறேன். வாங்கிய மாதிரியின் பின்தட்டு உலோகம். பச்சையும் மஞ்சளும் கலந்த எர்த் வயர் ஒன்று அதிலிருந்து நீண்டிருந்தது. அதாவது எர்த் இணைப்பு கட்டாயம் தேவைப்படும் முதல் வகைப் பொருள் அது. என் வீட்டுக் கூரையின் ஆறு இடங்களில் நான்கில் எர்த் வயர் வரவே இல்லை. அந்தக் காலத்தில் விளக்குக்கு எர்த் கொடுக்கும் வழக்கம் பல இடங்களில் இல்லை, பல்பு ஹோல்டர் பேக்லைட் என்ற கெட்டிப் பிளாஸ்டிக், தொடுவதற்கு உலோகமே கிடையாது. இப்போது அங்கே உலோக விளக்கை மாட்டி எர்த்தை வெட்டி விட்டால், உள்ளே ஒரு வயர் தளர்ந்து தட்டைத் தொட்டாலே போதும், முழு விளக்கும் பேஸ் ஆகிவிடும்; அடுத்த முறை ஈரத் துணியால் துடைப்பவருக்குத்தான் தெரியவரும். சிலர் எர்த் வயரை நியூட்ரலோடு சேர்த்து முறுக்கி விடுவார்கள். அது இன்னும் மோசம்: நியூட்ரல் எங்காவது அறுந்தால், எந்தப் பழுதும் இல்லாத விளக்கின் உலோகத் தட்டு அந்தக் கணமே பேஸ் ஆகும்.

இதற்குச் சரியான தீர்வு, எர்த்தே தேவைப்படாத இரண்டாம் வகை விளக்கு. ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் வரைந்த குறி அதன்மேல் இருக்கும்; இரட்டைக் காப்பு என்று பொருள். அதே விளக்கு பிளாஸ்டிக் பின்தட்டோடு அந்த வகையிலும் கிடைக்கிறது என்பது, நான்கைத் திருப்பிக் கொடுத்து மாற்றப் போனபோதுதான் தெரிந்தது. விற்பனைப் பக்கத்தில் வாட், நிறம், விட்டம், உத்தரவாதம் எல்லாம் இருக்கின்றன. எர்த் வேண்டுமா வேண்டாமா என்ற ஒன்று மட்டும் இல்லை. பழைய வீட்டுக்காரர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுவே. மின்கசிவு கண்டால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி மெயினில் இருக்கிறதே என்று சமாதானம் சொல்லலாம். அது இருப்பது நல்லதுதான்; என் வீட்டிலும் இருக்கிறது. ஆனால் எர்த் இல்லாத இடத்தில் கசிவு ஓடுவதற்கு வழி கிடைப்பதே ஒருவர் தொட்ட பிறகுதான். ஆகவே முதலில் அடி வாங்குவார், பிறகு அது துண்டிக்கும். பேஸையும் நியூட்ரலையும் இரு கைகளால் ஒருசேரத் தொட்டவரை, அவர் உடலிலிருந்து எர்த்துக்குக் கசிவு ஏதும் இறங்காத நிலையில், அது காப்பாற்றாது.

பொருத்துவதில் அதிகம் சொல்ல இல்லை. பழைய மர ரவுண்ட் பிளாக்கின் மேலேயே திருகிவிட வேண்டாம். காய்ந்த மரத்தில் ஆணி இளகியிருக்கும். கான்கிரீட்டில் புதிதாகத் துளையிட்டுப் பிளக் வைத்துத் திருகுவதே சரி. ஆனால் வயர் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்து, அதன் நேர்கோட்டில் துளை போடாமலிருக்க வேண்டும். கூரைக்கடியில் பழைய ஷீட் அடித்த வீடானால், அதில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்திருக்கக்கூடும். துளையிடுவதற்கு முன் அதை உறுதி செய்துகொள்ளாமல் டிரில்லைத் தொடக்கூடாது. கனெக்டர்களைக் கூரைக்கு மேலே வெறுமனே தொங்கவிடாமல், பின்தட்டின் உட்குழிக்குள்ளோ ஜங்ஷன் பாக்ஸுக்குள்ளோ அடக்க வேண்டும். இந்த விளக்கில் அதற்கான இடம் நெருக்கம். மூன்று கனெக்டர்களை வைத்த பிறகு மூடியைத் திருப்ப இரண்டு முறை முயல வேண்டியிருந்தது.

மொத்தத்தில் கையேட்டுக்கு ஐந்துக்கு ஒன்று. தயாரிப்பாளர் ஒரு வரியைச் சேர்த்திருந்தால்கூட மூன்று தந்திருப்பேன்: வயரின் உறை உதிர்ந்தாலோ, எர்த் இல்லாவிட்டாலோ, கூரையில் எர்த்தைத் தவிர இரண்டுக்கு மேற்பட்ட வயர்கள் இருந்தாலோ வேலையை நிறுத்தி உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை அழைக்கவும் என்று. அந்த மூன்றில் ஒன்றாவது என் வீட்டின் ஆறு இடங்களில் ஐந்தில் இருந்தது.

ஆறாவது, சாமான் அறை. அங்கே பிவிசி வயர், உறை நலம், எர்த்தும் வந்திருந்தது, மெகர் அளவும் நன்று. இதை நீங்களே மாட்டிக்கொள்ளலாம் சார் என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். மறுநாள் மெயினை நிறுத்தி, டெஸ்டரை மூன்று கட்டமாகச் சோதித்து, 11 மில்லிமீட்டர் உரித்து, கனெக்டரில் கவ்வவைத்து, எர்த்தையும் சேர்த்து மாட்டினேன். விளக்கு எரிந்தது. பெருமையாகத்தான் இருந்தது. அன்றிரவு தண்ணீர் குடிக்க எழுந்தபோது சாமான் அறையின் கதவிடுக்கில் மெல்லிய நீல வெளிச்சம் தெரிந்தது. சுவிட்ச் நிறுத்தித்தான் இருந்தது. கூரையில் அந்த வட்டம், நிலா மேகத்துக்குள் இருப்பதுபோல, மங்கலாக ஒளிர்ந்துகொண்டிருந்தது.

கைப்பேசியில் படம் அனுப்பினேன். விடிந்ததும் அவரிடமிருந்து வந்த பதில் ஒரே வரி: "அண்ணே, அந்த ரூம்லயும் நியூட்ரலதான் சுவிட்ச் கட் பண்ணுது." சுவிட்சில் இண்டிகேட்டர் விளக்கு இருந்தாலும், நீண்ட தூரம் இரண்டு வயர்கள் ஒட்டிப் போனாலும்கூட இப்படி ஒளிரும், ஆனால் இங்கே காரணம் முன்னறையில் கண்ட அதே பழைய தவறு. மெயினை நிறுத்திவிட்ட தைரியத்தில், சுவிட்ச் எந்த வயரை வெட்டுகிறது என்று மின்சாரம் வந்த பிறகு பார்க்க மறந்திருக்கிறேன். விளக்கில் நிற்கும் பேஸிலிருந்து கசியும் மிகச் சிறிய மின்னோட்டம் குண்டு பல்பின் இழையைச் சிவக்க வைக்கக்கூடப் போதாது; எல்இடிக்கு அதுவே போதும். எத்தனையோ ஆண்டுகளாகத் தெரியாமலிருந்ததை இந்த விளக்கு முதல் இரவிலேயே காட்டிக்கொடுத்தது. மாலையில் அவர் வந்து சுவிட்ச் போர்டைத் திறந்து இரண்டு வயர்களை இடம் மாற்றினார். கால் மணி நேர வேலை. அன்று இரவு சாமான் அறை இருட்டாக இருந்தது.